எப்போதும் அசதி, ஓடாத மூளை: கல்லூரி வயதில் சாப்பாட்டுக்கு இதில் எவ்வளவு பங்கு?

விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: எப்போது பார்த்தாலும் அசதி, பாடத்தில் மனம் நிற்பதில்லை, மதிய வகுப்பில் கண் சொருகுகிறது, கல்லூரியில் சேர்ந்த பிறகு எடையும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. "இந்த வயதில் கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்கிறார்கள். சாப்பாட்டுக்கும் இதற்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா, இல்லை எனக்கு வெறும் சோம்பல்தானா?"

தொடர்பு உண்டு. சோம்பல் என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

இருபது வயதில் தாறுமாறாகச் சாப்பிட்டாலும் உடனே நோய் வந்து படுக்கப்போவதில்லை. ரத்தக் கொதிப்பும் சர்க்கரை நோயும் பெரும்பாலும் பல வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் சாப்பாட்டுக் கோளாறு இந்த வயதில் வேறு வேடத்தில் வருகிறது: மூன்று மணிக்கு மேல் ஓடாத மூளை, காரணமே இல்லாத எரிச்சல், தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் தூக்கம், இரண்டு மாடி ஏறினால் வாங்கும் மூச்சு. இவற்றுக்கெல்லாம் நாம் 'பொறுப்பில்லை', 'அவன் குணமே அப்படித்தான்' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

உணவு ஆலோசனைக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் "நான் என்னவெல்லாம் சாப்பிடக் கூடாது?" என்று கேட்டுக்கொண்டுதான் உட்காருவார்கள். நான் திருப்பிக் கேட்பது இரண்டு: எதைச் சாப்பிடவே இல்லை? எந்த நேரத்தில் சாப்பிடவில்லை? இந்த வயதுக்காரர்களிடம் நான் பார்க்கும் கோளாறில் பாதிக்கு மேல் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். பிட்சாவும் பர்கரும் வாங்கும் திட்டு கொஞ்சம் அதிகப்படி என்றே சொல்வேன்.

ஒரு மாணவி ஒருநாள் சாப்பிட்டதை அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தார். காலை எட்டரை மணிக்கு வகுப்பு, எதுவும் சாப்பிடவில்லை. பதினொரு மணிக்குக் கறுப்புக் காபி, நான்கு பிஸ்கட். இரண்டரை மணிக்குப் பாதி சாண்ட்விச். மீதியைத் தோழிக்குக் கொடுத்துவிட்டார். ஐந்து மணிக்கு இன்னொரு காபி. இரவு ஒன்பதுக்கு ஒரு பாக்கெட் உடனடி நூடுல்ஸ். பதினொன்றரைக்கு ஒரு டின் எனர்ஜி டிரிங்க். ஒன்றரை மணிக்கு சிப்ஸ், அப்புறம் ஒரு சாக்லேட். தூங்கியது மூன்று மணிக்கு. கீழே, "இன்று கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டுவிட்டேன்" என்று ஒரு குறிப்பு வேறு.

அந்தத் தாளைப் பார்த்து "ஜங்க் ஃபுட் சாப்பிடாதே" என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது வேறு. கலோரியில் பெரும்பகுதி இரவு ஒன்பதுக்கு மேல் வந்திருக்கிறது. மூளை வேலை செய்ய வேண்டிய பகல் முழுக்க வயிற்றில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பழம் இல்லை, கீரை காய் இல்லை, பால் தயிர் இல்லை. புரதம் என்று சொல்லிக்கொள்ள அந்தப் பாதி சாண்ட்விச்சுக்குள் இருந்தது மட்டும்தான். இரும்புச்சத்து அவருக்குத் தேவையானதில் பாதிகூட வந்திருக்காது.

கஃபீனைக் கணக்குப் பார்ப்போம். ஒரு கோப்பைக் காபியில் சுமார் 80 முதல் 100 மில்லிகிராம், 250 மில்லி எனர்ஜி டிரிங்க்கில் ஏறக்குறைய 80. ஆக மொத்தம் 260 போல வருகிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பாதகமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொல்லியிருக்கிறது. அளவில் அவர் வரம்பைத் தாண்டவில்லை, நேரத்தில்தான் சறுக்கிவிட்டார். கஃபீன் உடலில் பாதியாகக் குறைய சராசரியாக 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். இரவு பதினொன்றரைக்குக் குடித்ததில் பாதி, விடிகாலை நாலரைக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இதைப் பலர் அறிவதே இல்லை.

கஃபீன் தெம்பு எதையும் தருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது கூடக் கூடத் தூக்கம் அழுத்தும். கஃபீன் அந்த அடினோசின் போய் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். களைப்பு அப்படியே இருக்கும், உங்களுக்குத் தெரியாது. படுக்கப்போவதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தாலே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

தூக்கம் குறைந்தால் அடுத்த நாள் சாப்பாடும் கெடும். இது மன உறுதி இல்லாததால் வருவது என்று நினைக்காதீர்கள், ஹார்மோன் செய்கிற வேலை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். இன்னொரு முறை அதே ஆட்களை இரண்டு இரவு 10 மணி நேரம் படுக்க விட்டார்கள். தூக்கம் குறைந்தபோது 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. அவர்களுக்கு ஆசை போனதும் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் பக்கம்தான். 12 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வு வாரத்தில் நள்ளிரவில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்த யாருக்கும் இது புதுச் செய்தியாக இருக்காது.

ஆக அந்த மாணவியின் நாள் தனக்குத்தானே தொடர்ந்துகொண்டே போகிறது. தாமதமாகத் தூங்குவதால் காலையில் பசி இல்லை. காலையில் சாப்பிடாததால் பதினொரு மணிக்குக் காபி. பகலில் போதாமல் போனதால் இரவில் அகோரப் பசி. அதற்கு மேல் படிக்க எனர்ஜி டிரிங்க். மறுபடி தாமதமான தூக்கம். இதில் சாப்பாட்டை மட்டும் தனியாகப் பிடித்து இழுத்தால் பயனில்லை.

காலை உணவைப் பற்றி எல்லோரும் கேட்பதால் என் கருத்தைச் சொல்கிறேன். 'காலை உணவை விட்டால் மூளை பட்டினி கிடக்கும்' என்பது மிகை. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது என்பதும் உண்மைதான். ஆனாலும் ஆரோக்கியமான ஒருவருக்குக் கல்லீரல் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்து விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு வேளைச் சாப்பாடு தவறியதால் ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடாது. பெரியவர்களிடம் காலை உணவு பற்றி நடந்த ஆய்வுகளும் ஒரே மாதிரி முடிவு சொல்லவில்லை. அப்படியிருந்தும் மாணவர்களிடம் நான் அதை வலியுறுத்துவதற்குக் காரணம், காலையை விட்டவர்கள் அன்றைய பாலையும் பழத்தையும் முட்டையையும் வேறு எந்த வேளையிலும் ஈடுகட்டுவதில்லை என்பதுதான். காலையில் போனது போனதுதான்.

இனி இரும்புச்சத்து. கேட்டவர் ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. பெண்ணாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

உலகில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதன் பெரிய காரணங்களில் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. அமெரிக்கப் பரிந்துரைப்படி 19 முதல் 50 வயது வரை பெண்களுக்கு ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆண்களுக்கு 8 போதும். மாதவிலக்கில் போகும் ரத்தம்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். ஆனால் கல்லூரிப் பெண்கள் பலர் உடன் படிக்கும் ஆண்களைவிடக் குறைவாகவே சாப்பிடுகிறார்கள். தேவை இரண்டு மடங்குக்கு மேல், வரவோ குறைவு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்கு மேல் இருந்தால் 'நார்மல்' என்று தாளை மடித்து வைத்துவிடுவார்கள். ஹீமோகுளோபின் கைச்செலவுக்கு வைத்திருக்கும் பணம் என்றால், உடல் இரும்பைச் சேர்த்துவைக்கும் ஃபெரிட்டின் என்ற புரதம் வங்கியில் உள்ள சேமிப்பு. உடல் முதலில் சேமிப்பைக் கரைக்கும். அது துடைத்துப்போன பிறகே கைப்பணம் குறையும். ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள், ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தாலும். அந்தக் கட்டத்திலேயே அசதியும் கவனச் சிதறலும் தொடங்கிவிடலாம். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், இரும்புச்சத்து குறைந்த இளம்பெண்களுக்கு 16 வாரம் இரும்பு கொடுத்தபோது, யாருடைய ஃபெரிட்டின் நன்றாக ஏறியதோ அவர்கள் கவனம், நினைவு, கற்றல் பரிசோதனைகளைப் பல மடங்கு நன்றாகச் செய்தார்கள். ஹீமோகுளோபின் ஏறியவர்கள் அதே வேலைகளை விரைவாக முடித்தார்கள். 'படித்தது மண்டையில் ஏறவில்லை' என்று புலம்பும் பெண்ணுக்கு நேர மேலாண்மை வகுப்பைவிட ஒரு ஃபெரிட்டின் பரிசோதனை உதவக்கூடும்.

ஆண்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அடிக்கடி ரத்த தானம் செய்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல காரியம், செய்யுங்கள். ஆனால் ஒவ்வொரு தானத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது, அதைத் திரும்பச் சேர்க்க மாதங்கள் ஆகும் என்பது தெரிந்திருக்கட்டும். நீண்ட தூரம் ஓடுபவர்களும் கவனிக்க வேண்டும்.

இறைச்சி, மீனில் உள்ள இரும்பை உடல் எளிதாக உறிஞ்சும். பயறு, கீரை, தானியங்களில் உள்ளதை அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. அதே வேளையில் எலுமிச்சை, ஆரஞ்சு, கொய்யா, தக்காளி என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது சேர்ந்தால் உறிஞ்சுவது நன்றாகக் கூடும். சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் குறையும். ஒன்றரை மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும், காசு செலவில்லாத வைத்தியம். ஆனால் பரிசோதனை செய்யாமல் இரும்பு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். மிகுதியான இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. சிலருக்குப் பரம்பரையாகவே இரும்பு தேங்கும் கோளாறும் உண்டு.

வைட்டமின் பி12 பற்றி ஒரு வார்த்தை. இறைச்சி, மீன், முட்டை, பால் இவற்றில்தான் இது இயல்பாகக் கிடைக்கிறது. பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்று முழுத் தாவர உணவுக்கு மாறும் மாணவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். அது அவரவர் விருப்பம், நன்றாகத் திட்டமிட்டால் உடலுக்கும் கேடில்லை. சிக்கல் என்னவென்றால் கல்லீரலில் பி12 சேமிப்பு வருடக்கணக்கில் தாங்கும். முதலாம் ஆண்டில் மாறியவருக்குக் குறைபாடு கடைசி ஆண்டில், இல்லை வேலைக்குப் போன பிறகு, விரல் மரத்துப்போவதாகவும் மறதியாகவும் தலைகாட்டலாம். அப்போது சாப்பாட்டை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். மாறிய நாளிலிருந்தே பி12 மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் பேரம் கிடையாது.

எடைக்கு வருவோம். கல்லூரியின் முதல் ஆண்டில் எல்லோரும் 15 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 7 கிலோ ஏறிவிடுவார்கள் என்று அமெரிக்காவில் ஒரு பேச்சு உண்டு. இணையம் வழியாக உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டின் தொகுப்பு சொல்வது வேறு: சராசரி ஏற்றம் 1.36 கிலோ. ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு எடை கூடியது. கூடியவர்களை மட்டும் எடுத்தால் சராசரி 3.4 கிலோ. மீதிப் பேருக்கு மாற்றம் இல்லை, அல்லது குறைந்தது. ஓரிரு கிலோ ஏறியதற்காக யாரும் பதற வேண்டாம். நான்கு வருடமும் அதே வேகத்தில் ஏறினால்தான் யோசிக்க வேண்டும்.

ஏன் ஏறுகிறது என்பதற்கு நல்ல விடை தந்த ஆய்வு ஒன்றை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்டது. 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவு கொடுத்தார்கள். தட்டில் வைத்ததில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் இரண்டிலும் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டே வாரத்தில் 0.9 கிலோ ஏறியது. மற்ற உணவில் அதே அளவு இறங்கியது. பதப்படுத்திய உணவை வேகமாகச் சாப்பிட்டார்கள் என்பதும் தெரிந்தது. மென்மையாக இருக்கிறது, மெல்ல வேண்டியதில்லை. வயிறு தகவல் அனுப்புவதற்குள் பாக்கெட் காலி. மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் விடுதி வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான பொறி கிடையாது.

குளிர்பானம் தனிக் கதை. ஒரு டின்னில் சுமார் 35 கிராம் சர்க்கரை. சேர்க்கப்பட்ட சர்க்கரை முதலியவை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். ஒரு டின்னிலேயே இரண்டாவது வரம்பு தாண்டிவிடுகிறது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் எடை கூடுவதைவிட என்னைக் கவலைப்படுத்துவது எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடப்பவர்கள். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினியால் வாடும் மக்களுக்கு எப்படி உணவூட்டுவது என்று தெரிந்துகொள்வது நோக்கம். போருக்குப் போக மனசாட்சி இடம்தராத 36 ஆண்கள் தாமாக முன்வந்தார்கள். எல்லோரும் இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருந்தவர்கள். ஆறு மாதம் அவர்களுக்குக் கொடுத்தது தினம் சுமார் 1600 கலோரி. எடையில் கிட்டத்தட்ட கால்வாசி போயிற்று. அவர்கள் மனதுக்கு நடந்ததுதான் எனக்கு முக்கியம். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் அளைந்துகொண்டிருந்தார்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் பழகப் பிடிக்காத நிலை, படிப்பில் கவனமின்மை. ஆரம்பத்தில் மனதளவில் மிகத் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுத்த ஆட்கள் அவர்கள்.

இன்று எடை குறைப்புச் செயலிகள் பெண்களுக்கு 1200 கலோரி என்று கூசாமல் சொல்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் ஓடும் மாணவி, தனக்கு ஏன் எப்போதும் சாப்பாட்டு வீடியோவே பார்க்கத் தோன்றுகிறது, ஏன் தோழிகள் மேல் எரிந்து விழுகிறோம் என்று புரியாமல் தவிக்கிறாள். விடை அந்த 36 பேரிடம் இருக்கிறது. உடலுக்கு ஆற்றல் போதாதபோது அது அவசரமில்லாத வேலைகளை நிறுத்தத் தொடங்கும். மாதவிலக்கு அதில் முதல் வரிசையில் வரும். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் 'தொல்லை விட்டது' என்று இருந்துவிடக் கூடாது. இப்படி நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் குறைந்திருக்கும், அது குறைந்தால் எலும்பு தேயும். அதுவும் எந்த வயதில்? எலும்பின் அடர்த்தி உச்சத்தை எட்ட வேண்டிய வயதில். அந்தச் சேமிப்பு இருபதுகளின் கடைசியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். பிறகு காப்பாற்றலாம், பெரிதாகச் சேர்க்க முடியாது. 19 வயதுக்கு மேல் தினம் 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. ஒரு கோப்பைப் பாலில் சுமார் 300 கிடைக்கும்.

சாப்பிட்ட பிறகு வாந்தி எடுப்பது, மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது, ரகசியமாக ஏராளமாகச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்வில் மறுநாள் பட்டினி கிடப்பது, ஒருநாள் உடற்பயிற்சி தவறினால் பதறிப்போவது: இவை உணவுக் கோளாறு நோயின் அடையாளங்கள். பதின்வயதின் முடிவிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் இவை அதிகம் தொடங்குகின்றன. ஆண்களுக்கும் வரும், அவர்களிடம் 'தசை போதவில்லை' என்ற வடிவத்தில் வருவதால் யாரும் நோயாகப் பார்ப்பதில்லை. அறைத்தோழரிடம் இதைக் கண்டால் அறிவுரை சொல்லாதீர்கள், மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ கூடவே போய்வாருங்கள்.

தசை என்றதும் புரதப் பொடி ஞாபகம் வருகிறது. சாதாரணமாக ஒரு கிலோ உடல் எடைக்கு 0.8 கிராம் புரதம் போதும். தீவிரமாகப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை. 60 கிலோ எடையுள்ள சாதாரண மாணவருக்கு 48 கிராம். ஒரு முட்டையில் 6, ஒரு கோப்பைப் பாலில் 8, வேகவைத்த பயறு ஒரு கோப்பையில் 15 போல. சாப்பாட்டிலேயே வந்துவிடும். பொடி கெடுதல் என்று சொல்லவில்லை, பெரும்பாலோருக்கு அவசியமில்லை. நினைவாற்றல் மாத்திரை என்று விற்கப்படுபவற்றுக்குச் செலவழிப்பதைவிட அந்தக் காசில் பழம் வாங்கலாம்.

மனநிலைக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு பற்றி நிறைய மிகைப்பேச்சு இருக்கிறது, அதனால் அளந்து சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் 17 முதல் 35 வயதுக்குட்பட்ட, மனச்சோர்வு அறிகுறிகள் உள்ள, சரியாகச் சாப்பிடாத 76 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை மூன்று வாரம் காய், பழம், மீன், முழுதானியம், கொட்டைகள் என்று உணவை மாற்றச் செய்தார்கள். மாற்றியவர்களுக்கு அறிகுறிகள் தெளிவாகக் குறைந்தன. 2019இல் வெளியானது இது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் தான் நல்ல உணவு சாப்பிடுகிறோம் என்பது சாப்பிடுபவருக்குத் தெரியும். அந்த எதிர்பார்ப்பே கொஞ்சம் நலம் தரலாம், அதை இந்த மாதிரி ஆய்வுகளில் பிரிக்க முடியாது. ஆகவே மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்திருந்தால் கீரையை நம்பி அதை நிறுத்தாதீர்கள். இரண்டும் இருக்கட்டும்.

சரி, காசில்லாவிட்டால்? உணவு அறிவுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும். அமெரிக்கா போன்ற வசதியான நாட்டிலேயே 2020இல் இளநிலை மாணவர்களில் 23 சதவீதம் பேருக்கு உணவு நிச்சயமில்லாத நிலை இருந்ததாக அந்நாட்டு அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் சொல்கிறது. கடைசி வாரத்தில் காபியும் பிஸ்கட்டுமாக ஓட்டுவது பல நேரம் விருப்பத்தால் நடப்பதில்லை. கையில் குறைவாக இருக்கும்போது முட்டை, காய்ந்த பயறு வகைகள், வேர்க்கடலை, பால் பவுடர், அந்தந்தப் பருவத்தில் மலிவாக வரும் பழம், இவைதான் கொடுத்த காசுக்கு அதிகச் சத்து தருபவை. கல்லூரியில் உணவு உதவித் திட்டம் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இனி கேட்டவருக்கு நேராக. நான்கு நாள், ஒரு விடுமுறை நாளும் சேர்த்து, சாப்பிட்டதையும் நேரத்தையும் தூங்கியதையும் எழுதுங்கள். எதையும் மாற்றாமல், அழகுபடுத்தாமல் எழுத வேண்டும். பிறகு முதல் மாற்றமாகக் கடைசிக் காபியை மதியம் இரண்டு மணிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். சாப்பாட்டில் கை வைக்க இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம். திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலைவலிக்கும், மெல்லக் குறையுங்கள். தூக்கம் கொஞ்சம் முன்னே வந்ததும் காலையில் பசி தானாக எட்டிப்பார்க்கும். அப்போது புரதமுள்ள ஏதாவது ஒன்று, ஒரு பழம், அவ்வளவு போதும். சமைக்க வசதியில்லாவிட்டால் முந்தின நாளே அவித்துவைத்த முட்டையும் வாழைப்பழமும் நிறைய உதவும். அறையில் சிப்ஸ் இருக்கும் இடத்தில் வேர்க்கடலையும் பழமும் இருந்தால் இரவு ஒன்றரை மணிக்குக் கை அதைத்தான் எடுக்கும். தண்ணீர் பாட்டில் பையில் இருக்கட்டும். உடல் எடையில் 2 சதவீத அளவு நீர் குறைந்தாலே கவனம் தடுமாறுகிறது.

இதோடு ஒரு ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, தைராய்டு. வெயிலே படாமல் இருப்பவர் என்றால் வைட்டமின் டி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். முயலாமலே எடை குறைவது, அடங்காத தாகம், அடிக்கடி மயக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் குறிப்பு எழுதிக்கொண்டிருக்காமல் முதலில் மருத்துவரிடம் போங்கள். பரிசோதனையில் இரும்பு குறைவு என்று வந்து மாத்திரை தந்தால், சில வாரங்களிலேயே தெம்பு திரும்புவதுபோல் இருக்கும். அத்தோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அடுத்த பருவத்தில் அதே அசதியோடு திரும்பி வருகிறார்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம்போல ஆகும். மருத்துவர் சொல்லும் வரை விடாமல் போடுங்கள்.